தனி வயோலாவும் மினிமலிச இசையும்: நான்கு மில்லிமீட்டர் பாடம்

வயலினைவிடச் சற்றுப் பெரிய, குரல் தாழ்ந்த வாத்தியம் வயோலா. அதை வாசிக்கும் கலைஞர் ஒருவர் ஒரே சுரத்தை இருபது விநாடி இழுக்கிறார். நிறுத்துகிறார். சற்றுப் பொறுத்து அதையே மறுபடி இழுக்கிறார். புதிதாகக் கேட்பவர், "எப்போது ஆரம்பிப்பார்?" என்று காத்திருப்பார். இசை ஆரம்பித்து ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

மெட்டைப் பின்தொடர்ந்தே பழகிய காதுக்கு இந்தத் திகைப்பு இயல்பு. மிகக் குறைந்த ஒலிப்பொருளை வைத்தே கட்டும் மினிமலிச இசை இது. இங்கே சுரம் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதன் நிறமும் உரசலும் உள்நடுக்கமும்தான் நகர்கின்றன. இசையமைப்பாளர் மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிடுவதற்குக் காரணம், இந்தச் சிறு நகர்வுகள் கேட்க வேண்டும் என்பதுதான். தெருவில் ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகுதான் கடிகாரத்தின் டிக்டிக் கேட்கிறது, அதுபோல.

இந்த இசைக்கு வயோலா ஏன் பொருந்துகிறது, அந்த ஒலி எப்படி உண்டாகிறது, வாசிக்கப் போனால் எங்கே சறுக்கும் என்பதைப் பார்ப்போம். வாசிக்காதவர்கள் கைவேலை பற்றிய பத்திகளை மேலோட்டமாகப் படிக்கலாம். ஆனால் விம்மல் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிட வேண்டாம். கேட்பதற்கான சாவி அங்கேதான் இருக்கிறது.

மினிமலிசத்தின் இரண்டு கிளைகள்

இசையில் மினிமலிசம் என்ற பெயர் 1960களின் அமெரிக்க இசையோடு சேர்ந்து வந்தது. ஒரே பெயரின் கீழ் இரண்டு வேறுபட்ட போக்குகள் உள்ளன.

முதலாவது, துடிப்பை நம்புவது. சின்னச் சின்னச் சொற்றொடர்கள் திரும்பத் திரும்ப வரும்; ஒன்றின் மேல் ஒன்று மெல்ல விலகும். டெர்ரி ரைலியின் 'இன் சி' (1964), ஸ்டீவ் ரைக்கின் 'வயலின் ஃபேஸ்' (1967) இந்த வகை. இரண்டாவது, நீட்சியை நம்புவது. இதன் உச்சம் லா மான்டே யங் 1960-இல் எழுதிய ஒரு படைப்பு: பி, எஃப் ஷார்ப் என்ற இரண்டே சுரங்கள், அவற்றை நீண்ட நேரம் பிடித்திருக்க வேண்டும் என்ற ஒரு குறிப்பு. முழுப் படைப்பும் அவ்வளவுதான். வயோலாவில் இதற்கு ஒரு விரல் போதும். ஜி, டி தந்திகள் இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்து அழுத்தினால் அந்த இரண்டு சுரங்களும் கிடைக்கும்.

தனி வயோலாவுக்கான இசை பெரும்பாலும் இந்த இரண்டாம் கிளையைச் சேர்ந்தது. காரணம் எளிது: ஒருவர், ஒரு வாத்தியம், ஒரு வில். துடிப்புகளை அடுக்கடுக்காக விலகவைக்க இன்னொரு குரல் தேவைப்படும். முன்பே பதிவு செய்த ஒலியை ஓடவிட்டு வாசித்தால் அதுவும் முடியும். ஆனால் தனியாக நிற்கும் வயோலாவுக்கு இயல்பாகக் கைவருவது நீட்சிதான்.

யங்கின் குழுவில் 1960களின் நடுவில் வயோலா வாசித்தவர் ஜான் கேல். வாத்தியத்தின் குதிரை, அதாவது தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ், மேலே வளைந்திருக்கும். அந்த வளைவினால் வில் ஒரு நேரத்தில் ஒன்று அல்லது இரண்டு தந்திகளைத்தான் நிலையாகத் தொட முடியும். கேல் அந்த வளைவைத் தட்டையாக்கி, மூன்று தந்திகளை ஒன்றாக இழுத்தார். சுருதிப்பெட்டிபோல நிற்காமல் ஒலிக்கும் வயோலா அப்படித்தான் பிறந்தது.

ஐரோப்பாவில் இதற்கு இணையாக வேறு வழிகள் பிறந்தன. இத்தாலியரான ஜாசின்டோ ஷெல்சி ஒற்றைச் சுரத்தின் உள்ளே புகுந்து பார்த்தவர். வயோலாவுக்காக 1957-இல் 'மான்டோ' எழுதினார். அதன் மூன்றாம் பகுதியில் வாசிப்பவரே பாடவும் வேண்டும். பிரான்சின் எலியான் ராடிக், 'ஒக்காம்' வரிசையில் நான்காவதை வயோலாக் கலைஞர் யூலியா எக்கார்ட்டுடன் சேர்ந்து உருவாக்கினார். அதற்கு எழுதப்பட்ட தாள் கிடையாது. நீரின் ஒரு படிமத்தை மனத்தில் வைத்து, வாய்மொழியாகவே கைமாறும் இசை அது.

மார்ட்டன் ஃபெல்ட்மனைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1970, 71-இல் 'தி வயோலா இன் மை லைஃப்' என்று நான்கு படைப்புகளை எழுதினார். அடுத்து 1971-இல் 'ராத்கோ சேப்பல்'. கறாராகப் பார்த்தால் இவை எதுவும் தனி வயோலாவுக்கானவை அல்ல. பிற வாத்தியங்களோ பாடகர் குழுவோ உடன் இருக்கும். ஆனாலும் புதிதாக வருகிறவருக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை என்பது எங்கள் கருத்து. மௌனத்துக்கு நடுவே ஒரு வயோலா எப்படி மூச்சுவிடும் என்பதை ஃபெல்ட்மன் அளவுக்குத் தெளிவாகக் காட்டியவர்கள் குறைவு.

மினிமலிசத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் உண்டு. ஜெரார் க்ரிசேயின் 'ப்ரோலோக்' (1976), கியோர்கி லிகெட்டியின் தனி வயோலா சொனாட்டா (1991–94). இவற்றை மினிமலிசம் என்று சொல்வது தவறு. ஆனால் ஒரு தந்தியின் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதைக் காதுக்குப் பழக்க இவை உதவும். லிகெட்டியின் முதல் பகுதி முழுக்கச் சி தந்தி ஒன்றிலேயே நடக்கிறது. மேற்சுரங்கள் என்பவை ஒரு சுரத்தோடு சேர்ந்தே மெல்ல ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள்; பியானோவில் இல்லாத அவற்றின் இயற்கை இடைவெளிகளை அது கோருகிறது. அவற்றில் ஒன்று வழக்கமான இடத்திலிருந்து 49 சென்ட் கீழே. சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு; ஆக அது கிட்டத்தட்டக் கால்சுரம்.

குறையே குணமான வாத்தியம்

வயோலாவின் நான்கு தந்திகள் மேலிருந்து கீழாக ஏ, டி, ஜி, சி. அதிர்வெண் சுமார் 440, 293, 196, 131 ஹெர்ட்ஸ். அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே ச–ப இடைவெளி. வயலினைவிட ஒரு பஞ்சமம் கீழே.

வயலினின் விகிதத்தை அப்படியே ஒரு பஞ்சமம் கீழே இறக்க வேண்டுமானால், உடலை ஒன்றரை மடங்கு பெரிதாக்க வேண்டும். வயலின் உடல் சுமார் 35.5 செ.மீ.; அப்படியானால் வயோலா 53 செ.மீ. இருக்க வேண்டும். அதைத் தோளில் வைத்து யாரும் வாசிக்க முடியாது. அதனால் 39 முதல் 42 செ.மீ.க்குள் சமரசம் செய்துகொண்டார்கள். விளைவு, தந்திகளின் சுருதிக்கு உடல் சிறியது. பெட்டிக்குள் இருக்கும் காற்றின் ஒத்ததிர்வு 220–230 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கிறது. கீழ்ச் சியோ 131. அடிப்படை அதிர்வைப் பெட்டி உரக்க வெளியே விடுவதில்லை. மேற்சுரங்கள் முன்னே வருகின்றன, அடிப்படையைக் காது தானே ஊகித்துக்கொள்கிறது. போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோன்ற, சற்று மூக்கடைத்த அந்தக் குரல் இப்படி வந்ததுதான்.

பெரிய அரங்கில் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எதிரே நின்று கணீரென்று ஒலிக்க இது பெரும் குறை. நீளும் ஒற்றைச் சுரத்துக்கோ இதுவே வரம். வில்லின் எடை ஓர் இழை மாறினாலும் எந்த மேற்சுரம் மேலே வருகிறது என்பது மாறிவிடுகிறது. சுரம் அசையாது, நிறம் மட்டும் மாறும்.

வில்: மூன்று பிடிமானங்கள்

வலது கையில் கட்டுப்படுத்தக் கூடியவை மூன்றே: வில்லின் வேகம், தந்தியின் மேல் விழும் எடை, குதிரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் தொடுகிறது என்பது. இந்த இசையின் முக்கால் பங்கு இம்மூன்றுக்குள் அடங்கும்.

வயோலா வில்லின் முடி நீளம் ஏறத்தாழ 64 செ.மீ. அதை 15 விநாடிக்கு நீட்டினால் வேகம் விநாடிக்கு 4 செ.மீ.க்குச் சற்று மேல். வழக்கமான வாசிப்பில் இதைப்போல ஐந்து, பத்து மடங்கு வேகம் சாதாரணம். புதியவர்கள் இங்கே செய்யும் தவறு ஒன்றுதான்: வேகத்தைக் குறைத்துவிட்டு எடையைப் பழையபடியே வைப்பது. கதவு கிறீச்சிடுவதுபோல ஒலி வரும். வேகம் குறைந்தால் தந்தி தாங்கக்கூடிய உச்ச எடையும் அதே அளவில் குறைகிறது என்பதுதான் காரணம். வில் முடி தந்தியைப் பிடித்து இழுத்து, ஒவ்வொரு சுழற்சியிலும் ஒருமுறை வழுக்கவிட வேண்டும். எடை கூடினால் வழுக்க வேண்டிய நேரத்தில் வழுக்காது, சுழற்சி குலையும். எடை மிகவும் குறைந்தால் நேர்மாறு: ஒரே சுழற்சியில் இருமுறை வழுக்கும், அடிப்படைச் சுரம் மறைந்து மேலே ஒரு மெல்லிய ஊதல் மட்டும் மிஞ்சும். முந்தையது கோளாறு. பிந்தையது சில இசையமைப்பாளர்கள் வேண்டுமென்றே கேட்பது.

தொடும் இடம் இன்னும் நுட்பமானது. குதிரையை நெருங்க நெருங்க அதிக எடை தேவைப்படும், கூடவே மிகைக்கும் குறைவுக்கும் நடுவே உள்ள சந்து குறுகிக்கொண்டே போகும். விரல்பலகையின் பக்கம் போனால் சந்து அகலம், ஆனால் ஒலி பஞ்சுபோல ஆகும். மெதுவான வில்லோடு பழகுகிறவர்கள் விரல்பலகையின் முனையிலிருந்து தொடங்குவது நல்லது. அங்கே சுத்தமான 15 விநாடி கைவந்த பிறகு, ஒவ்வொரு வில்லுக்கும் அரை செ.மீ. வீதம் குதிரையை நோக்கி நகரலாம். நகரும்போதே நிறம் மாறுவது கேட்கும். அந்த மாற்றமே ஒரு படைப்பின் முழுக் கதையாக இருக்க முடியும்.

குதிரையின் மேல் செருகும் ம்யூட் இந்த வகையில் அடிக்கடி வரும். அது ஒலியைக் குறைக்கிறது என்பது பாதி உண்மை. குதிரையில் எடை கூடுவதால் மேல் அதிர்வெண்கள் உடலுக்குள் போவது தடைபடுகிறது, அதனால் குரல் இருள்கிறது. வீட்டில் சத்தமில்லாமல் பயிற்சி செய்ய விற்கும் கனமான ம்யூட் இதற்கு உதவாது. அது நிறத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். சாதாரண ரப்பர் அல்லது மர ம்யூட் போதும்.

விம்மல்: காதுக்கான சாவி

ஏறத்தாழ ஒரே அதிர்வெண் கொண்ட இரண்டு ஒலிகள் சேர்ந்தால், ஒலி ஏறி இறங்கும். பள்ளி இயற்பியலில் படித்த விம்மல்தான் இது. 293 ஹெர்ட்ஸும் 294 ஹெர்ட்ஸும் சேர்ந்தால் விநாடிக்கு ஒருமுறை விம்மும்.

வயோலாவில் இதை மிக எளிதாகக் கேட்கலாம். டி தந்தியைத் திறந்தபடி, அதாவது விரல் வைக்காமல், விடுங்கள். பக்கத்து ஜி தந்தியில் நான்காம் விரலால் அதே டியைப் பிடியுங்கள். இரண்டையும் சேர்த்து இழுங்கள். விரல் சரியான இடத்தில் இருந்தால் ஒரே தந்தி தடிமனானதுபோல இருக்கும். விரலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உருட்டினால் போதும், விநாடிக்கு ஒரு விம்மல் தொடங்கிவிடும். இன்னும் உருட்ட, வேகம் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் விம்மலாகக் கேட்காமல் சொரசொரப்பாகக் கேட்கும்.

நீளும் சுரங்களால் ஆன இசையில் தாளம் எங்கே என்று கேட்டால், பெரும்பாலும் இதுதான் தாளம். யாரும் தட்டுவதில்லை. இரண்டு சுரங்களுக்கு நடுவிலுள்ள இடுக்கு தானே தட்டுகிறது. கேத்தரின் லாம்ப் போன்று வயோலாவும் வாசித்து இசையும் அமைப்பவர்கள் இந்த இடுக்கில்தான் வேலை செய்கிறார்கள்.

இந்த வகையில் விரலை ஆட்டி வாசிக்கும் வைப்ராட்டோவை ஏன் தவிர்க்கிறார்கள் என்பதும் இதனால் புரியும். வைப்ராட்டோ விநாடிக்கு ஐந்தாறு முறை சுருதியை அசைக்கும். அந்த அலைக்குள் விநாடிக்கு ஒன்றிரண்டு வரும் மென்மையான விம்மல் காணாமல் போகும். உணர்ச்சி வேண்டாம் என்பதற்காக அதை நீக்குவதாகச் சிலர் எழுதுகிறார்கள். அதைவிட இந்தக் காரணமே வலுவானது.

சுருதி சேர்க்கும் முறையும் இங்கே மாறும். ஒவ்வொரு தந்தியையும் மின்னணு ட்யூனரில் பார்த்துச் சரிசெய்தால் பியானோவின் சமன்படுத்திய பஞ்சமம் கிடைக்கும். அது தூய பஞ்சமத்தைவிட 2 சென்ட் குறுகியது. வேகமான இசையில் யாருக்கும் தெரியாது. ஆனால் ஜியையும் டியையும் சேர்த்து 15 விநாடி இழுத்தால், ஒன்றரை விநாடிக்கு ஒருமுறை மெல்ல விம்மும். பத்துமுறை விம்மினால் அது இசையின் பகுதியாகவே ஆகிவிடும். எனவே ஏ தந்தியை மட்டும் ட்யூனரில் வையுங்கள். மற்ற மூன்றையும் இரண்டிரண்டாக இழுத்து, விம்மல் நிற்கும்வரை காதால் சேருங்கள். கீழ்ச் சி, ட்யூனர் காட்டும் இடத்தைவிட 6 சென்ட் தாழ்ந்து நிற்கும். அதுதான் சரி.

ஒரே ஈ, இரண்டு இடங்கள்

இப்போது தலைப்பில் சொன்ன நான்கு மில்லிமீட்டர். டி தந்தியில் முதல் விரலால் ஈ பிடிக்கிறோம். கீழே ஜி திறந்திருக்கிறது, மேலே ஏ திறந்திருக்கிறது. ஈயை ஜியோடு சேர்த்தால் ச–த. ஈயை ஏயோடு சேர்த்தால் ச–ம.

ஜியோடு விம்மலே இல்லாமல் ஈயை நிறுத்துங்கள். விரலை அசைக்காமல் வில்லை மட்டும் மேலே சாய்த்து ஏயோடு சேருங்கள். கசக்கும். ஏயோடு இனிக்க வேண்டுமானால் விரலை மேலே நகர்த்த வேண்டும், ஆனால் மறுபடி ஜியோடு சேர்த்தால் கசக்கும். வாசிப்பவரின் தவறல்ல இது, கணக்கு அப்படி. தந்திகள் தூய பஞ்சமத்தில் இருந்தால் ஜி 195.6 ஹெர்ட்ஸ், அதனோடு தூய்மையாகச் சேரும் ஈ 325.9. ஏ 440, அதனோடு தூய்மையாகச் சேரும் ஈ 330. இடையே 81/80 என்ற விகிதம், 22 சென்ட்டுக்கு ஒரு நூல் குறைவு. 37 செ.மீ. தந்தி நீளம் கொண்ட வயோலாவில் அது விரல்பலகையின் மேல் 4 மில்லிமீட்டர். விரல் நுனியின் அகலம்கூட இல்லை.

வேறு இசையில் இந்த முரணை இரண்டுக்கும் நடுவே எங்கோ வைத்துச் சமாளித்துவிட்டுப் போய்விடுவார்கள். மினிமலிசம் இதன் முன்னால் உட்கார்ந்துகொள்கிறது.

ஆறு நிமிடப் பயிற்சி

மேலே சொன்னதை மட்டும் வைத்து ஒரு சிறு படைப்பைக் கட்டலாம். ஓராண்டு வயோலா கற்றவருக்கும் இது எட்டும். தேவையானவை: வயோலா, விநாடி காட்டும் கடிகாரம், விரும்பினால் ம்யூட். ஒவ்வொரு வில்லும், அதாவது வில்லின் ஒவ்வொரு இழுப்பும், 15 விநாடி. கடைசி ஒன்று மட்டும் 20.

முதல் நிமிடம், ஜியும் டியும் திறந்த தந்திகளாக. நான்கு வில். ஒன்றும் செய்யாதீர்கள், ஒலி நிலைப்படட்டும்.

அடுத்த ஒன்றரை நிமிடம், டி தந்தியில் முதல் விரலை வைத்து ஈயையும் ஜியையும் சேர்த்து. ஆறு வில். விம்மல் இல்லாத இடத்தைக் கண்டுபிடிக்க முதல் இரண்டு வில் செலவானாலும் பரவாயில்லை. தேடுவதும் கேட்பவருக்கு இசைதான்.

பிறகு அரை நிமிடம், ஈ மட்டும் தனியாக. இரண்டு வில். விரல் அசையவே கூடாது.

மறுபடி ஜியைச் சேர்த்து ஒன்றரை நிமிடம். ஆறு வில்லிலும் விரலை மெல்ல மேல்நோக்கி உருட்டுங்கள், ஒரு வில்லுக்கு முக்கால் மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாக. முதல் மில்லிமீட்டரிலேயே விநாடிக்கு மூன்று விம்மல் வரும், ஏனென்றால் மோதுவது ஈயின் மூன்றாம் மேற்சுரமும் ஜியின் ஐந்தாம் மேற்சுரமும் (அடிப்படைச் சுரத்தை முதலாவதாக எண்ணி). நான்கு மில்லிமீட்டர் ஆகும்போது அது விநாடிக்குப் பன்னிரண்டை எட்டி, சொரசொரப்பாக மாறியிருக்கும். இதுதான் படைப்பின் உச்சம். ஒலியைக் கூட்டத் தேவையில்லை. கூட்ட வேண்டும் என்று கை துடிக்கும், இடம்கொடுக்காதீர்கள்.

வில்லை மேலே சாய்த்து ஈயும் ஏயும். நான்கு வில். விரல் சரியாக வந்து சேர்ந்திருந்தால் சொரசொரப்பு சட்டென அடங்கும். கடைசியில் ஏ மட்டும் 20 விநாடி. வில்லைத் தந்தியிலிருந்து எடுத்து, 10 விநாடி அப்படியே நில்லுங்கள்.

வில்லை எடுப்பதற்கும் தந்திமேல் நிறுத்துவதற்கும் வேறுபாடு உண்டு. நிறுத்தினால் ஒலி வெட்டுப்படும். எடுத்தால் தந்தி தன்போக்கில் ஓய்ந்து அடங்கும். தாளில் மௌனக் குறி இருந்தால், எந்த மௌனம் என்று முதலில் தீர்மானியுங்கள்.

எங்கே சறுக்கும்

பெரும்பாலும் வில்லின் நடுப்பகுதியில் நடுக்கம் வரும். மூங்கில்போல வளையும் குச்சிக்கு அங்கேதான் துள்ளும் குணம் அதிகம். மெதுவாகப் போகும்போது அது வெளியே தெரிந்துவிடுகிறது. விரல்கள் இறுகினால் துள்ளல் இன்னும் பெருகும். மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிப்பவர்களுக்கு இது கண்டிப்பாக வரும். ஒவ்வொரு வில் திருப்பத்திலும் மூச்சைவிடுவதைப் பழக்கமாக்குங்கள். முடியின் இறுக்கத்தைத் திருகில் அரைச்சுற்று தளர்த்திப் பாருங்கள். குச்சியைச் சற்றுச் சாய்த்து, முடியின் ஓரத்தால் வாசிப்பதும் உதவும். சுண்டுவிரல் விறைத்திருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தெரியும்.

தொடக்கத்தில் கரகரப்பு வந்தால், பெரும்பாலும் வில் காற்றிலிருந்து இறங்கித் தந்தியைத் தொடுகிறது என்று அர்த்தம். தடித்த சி தந்தி எழ நேரம் எடுக்கும். அதன் ஒரு சுழற்சிக்கே 7.6 மில்லிவிநாடி, நிலைப்படப் பல சுழற்சிகள் வேண்டும். முதலில் வில்லைத் தந்தியின் மேல் உட்காரவைத்து, ஒரு கணம் இருந்து, பிறகு நகர்த்துங்கள். வில் முடியில் தேய்க்கும் பிசினான ரோசினை அதிகமாகப் பூசியிருந்தாலும் மெல்லிய ஒலியில் மணல் தூவியதுபோலக் கேட்கும். உரத்த இசையில் அது தெரியாது என்பதால் பலர் காரணத்தை வேறெங்கோ தேடுவார்கள்.

வில் திரும்பும் இடத்தில் ஒலி அறுந்தால், திரும்பும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுகிறீர்கள். கடைசி இரண்டு செ.மீ.யில் எடையை மட்டும் குறைத்து, வேகத்தை அப்படியே வைத்திருங்கள். முற்றிலும் கேட்காத திருப்பம் என்று ஒன்று கிடையாது. மூச்சுபோல ஒலித்தால் போதும்.

சுரம் மெல்லத் தாழ்வதாகத் தோன்றினால் உடனே இடதுகையைக் குற்றம் சொல்ல வேண்டாம். வில்லின் எடை உச்ச வரம்பை நெருங்கும்போது சுருதி உண்மையிலேயே கொஞ்சம் இறங்கும். எடையைக் குறைத்துப் பார்த்துவிட்டு விரலுக்கு வாருங்கள்.

ஒரு குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் ஒலி உறுமித் திக்கினால் அது ஓநாய் சுரம். உடலின் வலுவான ஒத்ததிர்வும் தந்தியின் அதிர்வும் மோதிக்கொள்ளும் இடம் அது. கீழ்த் தந்திகளின் உயரமான இடங்களில் அதிகம் வரும். குதிரைக்கும் வால்பகுதிக்கும் இடையிலுள்ள தந்தித் துண்டில் சிறு எடை பொருத்தினால் அடங்கும் அல்லது இரண்டு சுரங்களுக்கு நடுவே ஒதுங்கும்.

தந்தியை வேறு சுருதிக்கு இறக்கும் படைப்புகளில் இன்னொரு பொறி உண்டு. க்ரிசேயின் 'ப்ரோலோக்'கில் சி தந்தியை அரைச்சுரம் இறக்கிப் பி ஆக்க வேண்டும். இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும். வாத்தியத்தின் மேல் மொத்தச் சுமை மாறுவதால் மற்ற மூன்று தந்திகளும் சிறிது ஏறும். இறக்கிய தந்தியின் சுருதியும் சில நிமிடங்களுக்கு மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். மேடையேறும் கடைசி நிமிடத்தில் இறக்காமல், முன்னதாகவே இறக்கி, இடைவெளிவிட்டு இரண்டு மூன்று முறை சரிபார்க்க வேண்டும். தளர்ந்த தந்திக்கு வில்லின் எடையும் குறைய வேண்டும்.

ம்யூட் பாதி செருகியிருந்தால் கிர்ரென்று ஓர் ஒலி வரும். பயன்படுத்தாதபோது குதிரைக்குப் பின்னால் தளர்வாக விட்டிருந்தாலும் அதே கிர்ர். வாத்தியத்தில் விரிசல் விழுந்துவிட்டதோ என்று பயப்படும் முன் அதைக் கழற்றிப் பாருங்கள்.

பதிவும் கேட்பும்

வாசித்ததைக் கைபேசியில் பதிவு செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல பதிவுச் செயலிகள் ஒலி அளவைத் தாமாகவே ஏற்றி இறக்கும். நீங்கள் மெல்ல மறையும்போது அது அறையின் இரைச்சலை மேலே தூக்கிக்கொண்டு வரும். மின்விசிறியும் குளிர்சாதனமும் வயோலாவைவிட உரக்கக் கேட்கும். அந்தத் தானியங்கி வசதியை அணைத்துவிட்டு, ஒன்றரை இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். மிக அருகில் வைத்தால் வில் முடியின் உரசல் சுரத்தை மூடிவிடும். சில படைப்புகளுக்கு அதுவே வேண்டியதாகவும் இருக்கும்.

கேட்பவர்களுக்கு ஒரு வரிசை சொல்லலாம். முதலில் 'ராத்கோ சேப்பல்'. முடிவுக்கு அருகே வயோலாவில் வரும் எளிய மெட்டு, ஃபெல்ட்மன் பதின்ம வயதில் எழுதியது. அவ்வளவு நேரம் பெரும்பாலும் மெட்டில்லாமல் இருந்த பிறகு அது வரும்போது காது என்ன செய்கிறது என்று பாருங்கள். இரண்டாவதாக லிகெட்டி சொனாட்டாவின் முதல் பகுதி. கிம் கஷ்கஷியான் 2012-இல் வெளியிட்ட பதிவில் இதோடு கியோர்கி குர்டாகின் மிகச்சிறிய தனி வயோலாத் துண்டுகளும் இருக்கின்றன. சில ஒரு நிமிடம்கூட வராது. மூன்றாவதாக ஷெல்சி. ராடிக்கைக் கடைசியில் வையுங்கள். முதலிலேயே அதற்குப் போனால் பலர் திரும்பி வருவதில்லை.

ஒலி மெல்லியதாக இருக்கிறது என்று ஹெட்ஃபோனின் ஒலி அளவைக் கூட்டாதீர்கள். மெல்லியதாகவே விட்டால் மூன்று நான்கு நிமிடத்தில் காது தானே இறங்கி வரும். முதல் கேட்பில் வில் திருப்பங்களை மட்டும் எண்ணுங்கள். இரண்டாம் கேட்பில் எண்ணுவதை விட்டுவிட்டு, இரண்டு சுரங்கள் சேரும் இடங்களில் விம்மல் இருக்கிறதா, வேகமா மெதுவா என்று மட்டும் தேடுங்கள். அது கேட்டுவிட்டால், "எப்போது ஆரம்பிப்பார்?" என்ற கேள்வி எழாது.